முதலிடப் பலகையில் ஒரு திருத்தம்

மனசுக்குள் இன்னும் மாடிப்படி ஏறி வந்துகொண்டிருக்கும் என் ஜெயவேலு மாமாவுக்கு,

வரும் ஞாயிறு, ஐப்பசிப் பௌர்ணமி கழிந்த ஞாயிறு. அன்றைக்கு நான் வெளியிடப் போகிற பட்டியலில் உங்கள் பெயர் இருக்காது. இதை உங்களிடம் நானே சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். போன தடவை இதே மாதிரி ஒரு சேதியை உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் துணிச்சல் இல்லாமல் செல்போனில் அனுப்பிவிட்டேன். அதற்கு இன்னும் அழுதுகொண்டிருக்கிறேன்.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே சில இடத்தில் திரும்பச் சொல்லுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பொறுத்துக்கொள்கிற ஆள்தான். அதுதானே இப்போது என்னைக் கொல்கிறது?

நீங்கள் என் அக்கா வீட்டுக்காரர். என்னைவிட நாலு வயது மூத்தவர். கீழ்பென்னாத்தூரில் டிராக்டர் உதிரி பாகங்கள் விற்கிற கடை வைத்திருந்தீர்கள். நான் வேங்கிக்காலில் அரசு அலுவலகத்தில் உதவியாளர். ஊழியர்களின் முதுநிலைப் பட்டியல் தயாரிக்கிற பிரிவு என்னுடையது. யார் யாருக்கு முன்னால், யார் யாருக்குப் பின்னால் என்று எழுதுவதுதான் எனக்குச் சோறு போடுகிறது.

திருவண்ணாமலையில் அன்வர் பாயின் ஸ்னூக்கர் கூடத்துக்கு உங்களை முதலில் கூட்டிப் போனது நான். ஏதோ சொத்து விவகாரம் பேச வந்த உங்களை, “வாங்க மாமா, அரை மணி நேரம், ஒரு ஆட்டம் பாத்துட்டுப் போலாம்” என்று மாடிக்கு இழுத்துப் போனேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் பச்சை மேசையைச் சுற்றிச் சுற்றி வந்தீர்கள். நிலம் வாங்கப் போகிறவர் வரப்பைச் சுற்றி வருகிற மாதிரி. பந்தை அடிக்கிற கோலை, அந்தக் கியூவை எப்படிப் பிடிப்பது என்று நான்தான் காட்டினேன். ஒன்றரை வருஷத்தில் நீங்கள் என்னைத் தோற்கடித்தீர்கள். அதற்குப் பிறகு நான் உங்களை ஜெயித்த நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

“பேன்ட் போட்டுனு வாங்க சார், மேசைக்கு மரியாதை” என்று பாய் எல்லாரிடமும் கறாராகச் சொல்வார். உங்களிடம் மட்டும் சொல்லிப் பார்த்து விட்டுவிட்டார். “டிவியில ஆடுறவன்லாம் கோட்டுக்கு மேல கழுத்துல பூச்சி மாதிரி ஒண்ணக் கட்டினு ஆடறான். அவன் ஊரு குளுரு, கட்டறான். எனக்கு என்னா பாய் வந்துச்சு?” என்றீர்கள். பாய் சிரித்த சிரிப்பில் டீ சிந்தியது.

பலகை உங்கள் யோசனைதான், ஞாபகம் இருக்கிறதா? ஒரு சான்றிதழ் விஷயமாக என் அலுவலகத்துக்கு வந்தவர், அதிகாரியின் நாற்காலிக்குப் பின்னால் தொங்கிய பலகையைப் பார்த்தபடி நின்றுவிட்டீர்கள். பெயர், முதல், வரை என்று மூன்று கட்டம். இதுவரை அந்த நாற்காலியில் இருந்தவர்களின் பெயர், வந்த தேதி, போன தேதி. கடைசி வரியில் மட்டும் ‘வரை’ காலியாக இருந்தது. “அந்தக் கட்டம் காலியா இருக்கிற வரைக்கும்தான் அவரு இவரு இல்லியா மச்சான்?” என்று கேட்டீர்கள். வெளியே வந்ததும், “நம்ம கூடத்துல இதே மாதிரி ஒண்ணு மாட்டலாமா? உலகத்துல ஸ்னூக்கர்ல ஒண்ணாம் நம்பரா இருந்தவங்க அத்தினி பேரும் அதுல வரணும்” என்றீர்கள்.

அந்த வேலைக்காக நாம் படித்த மாதிரி நான் பரீட்சைக்குக்கூடப் படித்ததில்லை. ஆதியில் பட்டியல் என்று ஒன்றே கிடையாது. உலகக் கோப்பையை ஜெயித்தவர்தான் ராஜா. பிறகுதான் மூன்று வருஷத்து உலகப் போட்டிகளைக் கூட்டிப் பார்த்து வரிசை போட்டார்கள். வருஷத்துக்கு ஒரு தடவைதான் பட்டியல் வரும். ஒருவர் முதலிடத்தில் உட்கார்ந்துவிட்டால் அந்த வருஷம் முழுக்க அவரை யாரும் அசைக்க முடியாது. “இது பட்டா மாதிரி” என்று உங்களுக்கு ஒரே சந்தோஷம்.

கோப்பை ஜெயித்தவர் ஒருவர், பட்டியலில் முதலிடம் வேறொருவர் என்று வரும்போதெல்லாம் கூடத்தில் சண்டை நடக்கும். யார் பெரியவர்? நீங்கள்தான் தீர்ப்புச் சொன்னீர்கள். “கப்பு அடிச்சவரு உற்சவரு, தேர்ல வருவாரு, ஊரே பாக்கும். லிஸ்ட்ல மொதல்ல இருக்கிறவரு மூலவரு. வருஷம் பூரா உள்ள உக்காந்துனு இருக்கிறவரு.” திருவண்ணாமலையில் இதற்கு மேல் யாரும் எதிர்த்துப் பேச முடியுமா? வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்த வெள்ளைக்காரப் பெயர்கள் உங்கள் வாயில் நுழையாது. ஒண்ணாமவர், ரெண்டாமவர், மூணாமவர் என்று ராஜாக்களை எண்ணுகிற மாதிரி எண்ணிச் சொல்வீர்கள். அரை நூற்றாண்டில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில் உங்களுக்கு ஒரு மலைப்பு. தொடர்ந்து ஏழெட்டு வருஷம் இருந்தவர்களும் உண்டு. அதில் ஒருவர், இடம் போய் பல வருஷம் கழித்துத் திரும்பி வந்து ஒரு வருஷம் உட்கார்ந்துவிட்டுப் போனார். அந்த வரியை எழுதும்போது, “பெயிண்ட நல்லா தொட்டுக்க மச்சான், இவுரு பேரு அழுத்தமா வரணும்” என்றீர்கள்.

அப்புறம் விதி மாறியது. வருஷத்துக்கு ஒரு பட்டியல் என்பது போய், ஒவ்வொரு போட்டி முடிந்ததும் வரிசை மாற ஆரம்பித்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சம்பாதித்தது உதிரும், புதிதாகச் சம்பாதித்தது சேரும். புள்ளி போய் பரிசுப் பணமே கணக்கு என்றும் ஆகிவிட்டது. சிலர் சில வாரம் மட்டும் மேலே இருந்துவிட்டு இறங்கினார்கள், மறுபடி ஏறினார்கள். பலகையில் வரி பத்தவில்லை. “இனிமே பெயிண்ட் வாணாம், சாக்பீஸ் போதும். பட்டாவா இருந்தது வாடகை வீடா பூடுச்சு” என்று சலித்துக்கொண்டீர்கள்.

சலித்துக்கொண்டாலும் நம் கூடத்துக்கு அதே முறையைத்தான் எடுத்துக்கொண்டோம். பௌர்ணமிக்கு ஊருக்குள் வண்டி வராது, கிரிவலக் கூட்டத்தில் நடக்கவே இடம் இருக்காது. அதனால் பௌர்ணமி கழிந்த ஞாயிறு போட்டி. கார்த்திகைக்கு மட்டும் கிடையாது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் இரண்டு வருஷத்துக்கு முந்தைய அதே பௌர்ணமியின் புள்ளிகள் உதிரும். கணக்குப் பிள்ளை நான். உலகப் பலகைக்குப் பக்கத்தில் நம் கூடத்துக்கும் ஒரு பலகை மாட்டினோம். அதில் வரி குறைவு என்பதால் பெயிண்டிலேயே எழுதினேன். மாதா மாதம் மாறுகிற முழுப் பட்டியலுக்குத் தனியாக ஒரு கரும்பலகை, சாக்பீஸ். முதல் வரி பாய். இரண்டாவது வரி மாற்றலாகிப் போன ஒரு வங்கிக்காரர். மூன்றாவது வரி நீங்கள்.

உங்கள் பெயரை எழுதிய அன்று நீங்கள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். ‘முதல்’ கட்டத்தில் தேதி போட்டேன். ‘வரை’ காலி. வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “பள்ளிக்கூடத்துல கடைசி பெஞ்சு, வீட்டுல ரெண்டாவது புள்ள, உங்க அப்பாவுக்குப் புடிக்காத மருமவன். நாப்பதுக்கு மேல ஒரு எடத்துல மொதல்ல நிக்கிறேன் மச்சான்” என்றீர்கள். எங்கள் அப்பா உங்களை அப்படி நடத்தினார் என்பது உண்மைதான். கடை நொடித்துப்போன ரெண்டு வருஷமும் அவர் உங்கள் வீட்டில் கை நனைக்கவில்லை. நான் பிரஷ்ஷைக் கழுவினேன்.

ஒரு தடவை மாதப் பட்டியலில் உங்கள் புள்ளியைத் தப்பாக எழுதிவிட்டேன். மேலே ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தேன். “சாக்பீசுதான மச்சான், தொடச்சிட்டு எழுதேன். இதுக்கு ஏன் கையெழுத்து?” என்று கிண்டல் பண்ணினீர்கள். அலுவலகத்தில் அப்படித்தான் மாமா. தப்பை அழிக்கக் கூடாது, வெள்ளை பூசி மறைக்கக் கூடாது. தப்பு நடந்ததும் தெரிய வேண்டும், யார் திருத்தியது என்பதும் தெரிய வேண்டும். “உன்ன மாதிரி ஆளுங்க இருக்கிறதாலதான் கவர்மெண்டு ஓடுது” என்றீர்கள். பாராட்டா திட்டா என்று அன்றைக்கே எனக்குப் புரியவில்லை.

நமக்குள் வந்த ஒரே பெரிய சண்டையும் பட்டியலால்தான். உலகத்தில் ஒருவர் அந்த வாரம் எதையும் ஜெயிக்காமலே முதலிடத்துக்கு வந்தார். மேலே இருந்தவரின் பழைய கணக்கு உதிர்ந்ததால் இவர் மேலே தெரிந்தார். நான் சாக்பீஸை எடுத்தேன். “இவன் பேர எழுதாத மச்சான்” என்றீர்கள். “ஏன்?” என்றேன். “ஜெயிச்சா ஏறினான்? ஏரித் தண்ணி வத்துனா பாறை ஒசந்துடுமா?” விதிப்படி அவர்தான் முதலிடம், எழுதித்தான் ஆக வேண்டும் என்று நான் பிடிவாதமாக எழுதினேன். நீங்கள் அன்றைக்கு என்னோடு டீ குடிக்கவில்லை.

அந்தப் பாறை நான்தான் மாமா. அது தெரியாமல் எவ்வளவு சட்டம் பேசியிருக்கிறேன்!

மார்கழியில் உங்கள் கால் வீங்கியது. கடையில் நின்றுகொண்டே இருப்பதால் என்று நினைத்தோம். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று வேலூரில் சொன்னார்கள். ஐப்பசியில் ஆடியதுதான் உங்கள் கடைசிப் போட்டி என்று அப்போது யாருக்குத் தெரியும்? அதிலும் நீங்கள்தான் ஜெயித்தீர்கள். கடைசிக் கறுப்புப் பந்தைக் குழிக்குள் தள்ளிவிட்டு, “போலாமா, பஸ்சு கெளம்பிடும்” என்று துண்டை உதறித் தோளில் போட்டீர்கள்.

வாரத்துக்கு மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்கிற படுக்கை. மார்கழியிலும் தையிலும் ஆட வரவில்லை, மாசியில் வரவில்லை. புள்ளிகள் உதிர ஆரம்பித்தன. கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆகிற மாதிரி உங்கள் எண் சுருங்கியது. இருந்தாலும் வைகாசி வரைக்கும் நீங்கள்தான் முதலிடம். அவ்வளவு சேர்த்து வைத்திருந்தீர்கள்.

வைகாசிக் கடைசியில் உங்களைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். அக்கா டீ வாங்கக் கீழே போயிருந்தாள். நீங்கள் என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டீர்கள்.

“மச்சான், அடுத்த மாசம் எனக்கு நெறைய உதுருது, இல்ல?”

“ஆமா மாமா.”

“நான் திரும்பி வர்ற வரைக்கும் என்னுத அப்டியே நிறுத்தி வெக்க முடியுமா? ஏறவும் வாணாம், எறங்கவும் வாணாம். இருக்கிற எடத்துல இருக்கட்டும்.”

அந்தக் கேள்விக்கு உலகத்தில் எந்த மனுஷனும் சரி என்றுதான் சொல்லியிருப்பான். நான் என்ன சொன்னேன்? “அது எப்டி மாமா? உலகத்துலயே யாருக்கும் அப்டி நிறுத்தி வெச்சதில்ல. நாமதான் சரித்திரம் பூரா படிச்சமே. ரூலுனா எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்றேன். அதோடு நிறுத்தினேனா? அதுவும் இல்லை. “எடம் போனா என்ன, பல வருஷம் கழிச்சுத் திரும்பி வந்து உக்காந்தவரு இருக்காரே, நீங்களே அவரு பேர அழுத்தமா எழுதச் சொன்னீங்களே” என்று ஆறுதல் வேறு.

“சரி மச்சான். ரூல்னா ரூல்தான்” என்றீர்கள். எட்டு மாதமாக நீங்கள் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட அளவு வைத்திருந்தார்கள், அதிலும் ஒரு வாய் கூடுதலாகக் கேட்கவில்லை. என்னிடம் இது ஒன்றைத்தான் கேட்டீர்கள்.

ஆனிப் பௌர்ணமி கழிந்த ஞாயிறு. நான் அந்தப் போட்டியில் இரண்டாவது ஆட்டத்திலேயே தோற்றுப்போனேன். கூட்டிக் கழித்துப் பார்த்தால் முதலிடம் எனக்கு. பாய் தயங்கினார். “இந்த மாசம் போர்டு மேல கை வெக்க வாணாம் சார். ஜெயவேலு சாரு வரட்டுமே. என்னா அவசரம்?” என்றார். எனக்கு ஒரு அவசரமும் இல்லை மாமா. ஆனால் ஒரு வரியைச் சரியாக முடிக்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது, அப்படிப் பழகிய கை. ஸ்டூலில் ஏறினேன். உயிரோடு இருக்கிற உங்கள் பெயருக்கு நேராக ‘வரை’ கட்டத்தில் தேதி போட்டேன். கீழே என் பெயரை எழுதினேன். பிறகு வழக்கம் போலப் பட்டியலைப் படம் எடுத்துச் செல்போன் குழுவில் அனுப்பினேன்.

நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று அது காட்டியது. பதில் வரவில்லை.

மூன்று நாள் கழித்து நான் உங்களைப் பார்க்க வந்தபோது நீங்களே ஆரம்பித்தீர்கள். “வாழ்த்துக்கள் மச்சான். ஒண்ணாம் நம்பரு.” சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை எத்தனையோ தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். என்னைக் கிண்டல் பண்ணினீர்களா, மன்னித்தீர்களா? இல்லை, நிஜமாகவே சந்தோஷப்பட்டீர்களா? பாறையைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்திருந்தால் நான் அங்கேயே காலில் விழுந்திருப்பேன். நீங்கள் எடுக்கவில்லை. ஆடி பிறந்து இரண்டாவது வாரத்தில் போய்விட்டீர்கள்.

காரியமெல்லாம் முடிந்து ஆவணிப் பட்டியல் போட உட்கார்ந்தேன். இரண்டாவது பெயர் உங்களுடையது. விதிப்படி உங்கள் புள்ளிகள் இன்னும் உயிரோடுதான் இருந்தன. எங்கள் அலுவலகத்தில் ஒருவர் இறந்துவிட்டால் மறுநாளே பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம். இங்கே அப்படி ஒரு விதி நாம் எழுதவில்லை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. புரட்டாசியில் நான்காவது. தையில் ஏழாவது. புதிதாகச் சேர்ந்தவர்கள், “யாரு சார் இந்த ஜெயவேலு, ஒரு நாளும் ஆட வரதில்லியே?” என்று கேட்பார்கள். “வெளியூர் போயிருக்காரு” என்று பாய் சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்.

நானும் கியூவைத் தொடுவதை நிறுத்திவிட்டேன். சாக்பீஸோடு சரி. முதலிடம் என்னை விட்டு எப்போதோ போய்விட்டது, இப்போது அங்கே ஒரு புது ஆள் இருக்கிறார். அவர் பெயர் எனக்கு அடுத்த வரியில் இருக்கிறது. என் புள்ளிகளும் உதிர்கின்றன. உங்கள் பின்னாலேயே ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறேன். அதில் ஒரு நிம்மதி இருக்கிறது, அசிங்கமான நிம்மதி.

இந்த வருஷம் பங்குனியில் ஒரு உறுப்பினர் நேராகவே கேட்டார். “செத்துப்போனவர எதுக்கு சார் லிஸ்ட்ல வெச்சினு இருக்கீங்க? எந்த ஊரு ரூலு இது?” எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. விதி காட்டுகிறேன் பார் என்று பழைய சங்கதிகளைத் தேட ஆரம்பித்தேன். உலகத்தில் இறந்துபோன ஆட்டக்காரரின் பெயர் பட்டியலில் தொடர்ந்ததா என்றுதான் தேடினேன். கிடைத்தது வேறு. கடும் நோயில் விழுந்த ஆட்டக்காரருக்காக விதியைத் திருத்தி, அவர் குணமாகிற வரைக்கும் அவருடைய இடத்தை இறங்காமல் நிறுத்தி வைக்க வழி செய்திருக்கிறார்கள். ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம், இருக்கிற இடத்தில் இருக்கட்டும். நீங்கள் கேட்ட அதே வார்த்தை.

உலகத்திலேயே யாருக்கும் கிடையாது என்று சொன்னேனே மாமா! முதலிடத்தில் இருந்தவர்களின் சரித்திரத்தை மட்டும் படித்தேன். கீழே இருந்தவர்களுக்கு என்ன நடந்தது என்று ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அலுவலகத்துக்கு வருகிற முன்பின் தெரியாத ஆளிடம்கூட அப்படித்தான் சொல்லுவேன். உங்களிடம் மட்டும் எல்லாம் தெரிந்தவன் மாதிரி பேசிவிட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

ஆடியில் உங்கள் வருஷ திதி வந்தது. எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, நீங்கள் கேட்டதையும் நான் மறுத்ததையும் அக்காவிடம் சொன்னேன். சொன்னால் பாரம் குறையும் என்ற சுயநலம்தான். அவள் பாத்திரம் அடுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை, திரும்பவும் இல்லை.

“எனக்கு உங்க ரூலு தெரியாதுடா” என்றாள். “அந்த ஞாயித்துக்கெழம காலையிலருந்து போனக் கையிலயே வெச்சினு இருந்தாரு. லிஸ்டு வந்துச்சு. எழுத்து சின்னதா இருக்குது, பெருசு பண்ணுன்னாரு. பண்ணிக் காட்டினேன். பாத்துட்டுப் போனக் கவுத்து வெச்சிட்டாரு. ‘உன் தம்பி ஃபர்ஸ்ட்டு வந்துட்டான்’னு சொன்னாரு.”

நான் ஈரமாக இருந்த ஒரு பாத்திரத்தை எடுத்துத் துடைத்தேன்.

“அதுக்கு முன்னாடிலாம் ஊசி போட வர்ற பொண்ணுகிட்ட தெனமும் கேப்பாரு, பௌர்ணமிக்குள்ள வீட்டுக்கு வுட்டுடுவீங்களானு. அவங்களே சிரிப்பாங்க. அந்த ஞாயித்துக்கெழமைக்கு அப்புறம் கேக்கவே இல்லடா. ஒரு நாள்கூடக் கேக்கல. ஒரு மாசம் தள்ளி எழுதியிருந்தா என்னாடா கெட்டுப் பூட்டிருக்கும்?”

ஒன்றும் கெட்டுப் போயிருக்காது மாமா. என் பட்டியல்தான் உங்களைக் கொன்றது என்று நான் சொல்லவில்லை. நோய் நோய்தான், எனக்கும் தெரியும். ஆனால் நீங்கள் வீட்டுக்குப் போக ஆசைப்பட்டதை நான் நிறுத்திவிட்டேன். அதை எந்த வைத்தியர் வந்து இல்லை என்று சொல்வார்?

அக்கா என்னோடு பேசாமல் இல்லை. பேசுகிறாள். சாப்பிட்டியா, பசங்க எப்படி இருக்காங்க என்று கேட்கிறாள். கடையை அவளே பார்த்துக்கொள்கிறாள், எந்த டிராக்டருக்கு எந்த பேரிங் என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுக்கிறாள். நான் போனால் நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். முன்பெல்லாம் “வாடா” என்பாள். இப்போது “வா” என்கிறாள்.

இந்த ஞாயிறோடு உங்களுடைய கடைசிப் புள்ளிகளும் உதிர்கின்றன. அந்த ஐப்பசியில் ஜெயித்தீர்களே, அவை. பூஜ்யம் ஆனவர்களின் பெயரைப் பட்டியலில் போடுவதில்லை. பாய் நேற்று மெதுவாகச் சொன்னார். “இப்ப நிறுத்தி வெச்சிடலாமே சார். யாரு கேக்கப் போறா?” நல்ல மனசு. ஆனால் யாருக்காக நிறுத்துவது? திரும்பி வருகிறவருக்குத்தான் இடம் பிடித்து வைக்க வேண்டும். அன்றைக்கு நீங்கள் திரும்பி வருவதாக இருந்தீர்கள்.

அதனால் மாதப் பட்டியல் அதன் போக்கில் போகட்டும். எனக்குப் பெயிண்ட் பலகையில்தான் வேலை இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால், எல்லாரும் இருக்கும்போது ஸ்டூலில் ஏறப் போகிறேன். என் வரியின் மேல் ஒரே ஒரு கோடு போடுவேன். கீழே இருக்கிற பெயர் படிக்கிற மாதிரி, தப்பு நடந்தது தெரிகிற மாதிரி. ஓரத்தில் சுருக்கொப்பம் வைப்பேன். பிறகு உங்கள் வரிக்கு வருவேன். ‘வரை’ கட்டத்தில் இருக்கிற ஆனி மாதத் தேதியை அடிப்பேன். அதற்கு மேலே சரியான தேதியை எழுத வேண்டும்.

எது சரியான தேதி? நேற்று முழுக்க அதையே யோசித்தேன். உங்கள் இடத்தை நிறுத்தி வைத்திருந்தால் நீங்கள் எது வரை முதலிடத்தில் இருந்திருப்பீர்கள்? காலியாக விடலாம் என்றால், நீங்கள் இன்னும் இருக்கிறீர்கள் என்று ஆகும். பொய் எழுத என் கைக்கு வராது. வேறு ஒரே ஒரு தேதிதான் இருக்கிறது. ஆடி மாதம், இரண்டாவது வாரம்.

பதினைந்து மாதமாக அந்தத் தேதியை நான் எங்கேயும் எழுதியதில்லை மாமா. இறப்புச் சான்றிதழ் விண்ணப்பத்தில்கூட அந்தக் கட்டம் வந்ததும் பேனாவை அக்காவிடம் கொடுத்துவிட்டேன். அவள் எழுதினாள், நான் சுவரைப் பார்த்தேன். பிடுங்கிக்கொண்ட இடத்தை உங்களுக்குத் திருப்பித் தர வேண்டும் என்றால், நீங்கள் செத்துப்போய்விட்டீர்கள் என்று நானே என் கையால் பெயிண்டில் எழுத வேண்டும்.

எழுதுகிறேன் மாமா. இது சத்தியம். அக்காவையும் வரச் சொல்லியிருக்கிறேன், வருவாளா தெரியவில்லை. ஸ்டூலைப் பிடிக்க நீங்கள் இல்லை. எழுத்துக் கோணினாலும், பெயிண்ட் வழிந்தாலும், துடைக்க மாட்டேன்.

உங்களுக்கு அடுத்த வரியில், கோட்டுக்குக் கீழே இருக்கிற
உங்கள் மச்சினன்,
ஏழுமலை